மசாஜ் பயிற்சி முடித்து ஐந்து வருடம்: என் கட்டைவிரல் கொடுக்கும் மதிப்பெண்

சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். அன்று ஆசையாகக் கற்றதில் பாதியை இன்று தொடுவதே இல்லை. தூங்கி வழிந்த வகுப்புகள்தான் இன்று சோறு போடுகின்றன. அதனால் இதைத் தாமதமாக எழுதுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்தது 600 மணி நேரப் படிப்பு. பகுதி நேரமாக முடிக்க ஒரு வருடம் ஆனது. இந்த மணிக்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க் மாநிலத்தில் உரிமம் வாங்க 1,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் 500 போதும். உரிமம் என்ற பேச்சே இல்லாத இடங்களும் உலகில் நிறைய. எங்கே தொழில் செய்யப்போகிறீர்களோ அந்த இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். என்னோடு படித்த ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது, விட்டுப்போன மணிகளுக்காக மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

அடிப்படை என்று சொல்லிக்கொடுத்தது ஸ்வீடிஷ் மசாஜ். நீளமாகத் தடவுவது, பிசைவது, அழுத்தித் தேய்ப்பது, தட்டுவது, அதிரவைப்பது என்று ஐந்து அசைவுகள். பெயர்தான் ஸ்வீடிஷ். எஃப்லுராஜ் (தடவுவது), பெட்ரிசாஜ் (பிசைவது) என்று அசைவுகளின் பெயர்களோ பிரெஞ்சு. அவற்றை வகைப்படுத்திய பெருமை பொதுவாக யோஹான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவருக்குத் தரப்படுகிறது. ஸ்வீடிஷ் மசாஜின் தந்தை என்று பலர் சொல்லும் பெர் ஹென்ரிக் லிங், ஸ்டாக்ஹோமில் 1813இல் தொடங்கியதோ உடற்பயிற்சிக்கான கழகம். இந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்கு அது ஒன்றும் உதவவில்லை, சரி.

உதவியது உடற்கூறியல். எலும்பு 206, தசைகள் 600க்கு மேல். மனப்பாடம் செய்யும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் ஆசிரியை, ஜோடியாகப் படித்தவரின் முதுகில் தோல் பென்சிலால் தசைகளை வரையச் சொன்னார். கழுத்துப் பகுதி முதுகெலும்பின் முதல் நான்கு கணுக்களில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலையில் வந்து ஒட்டும் ஒரு தசை இருக்கிறது. லெவேட்டர் ஸ்கேப்புலே என்பார்கள். அதை வரைந்து, அந்த மூலையில் விரலை வைத்ததும் எதிராளி ‘ஆ, அங்கேதான்’ என்றார். இன்றுவரை கழுத்து பிடித்துக்கொண்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டுவது அந்த மூலையைத்தான். வலிக்கும் இடம் ஒன்று, இறுகிக் கிடக்கும் தசையின் மறுமுனை வேறொன்று என்பது அன்றுதான் விளங்கியது.

வெளியாட்களுக்கு மாணவர்களே மசாஜ் செய்யும் மாணவர் கிளினிக்கையும் மறக்க முடியாது. அதுவரை ஒருவர் மேல் ஒருவர் பழகிக்கொண்டிருந்தோம். வகுப்புத் தோழர்கள் பொய் சொல்வார்கள். வலித்தாலும் ‘நல்லா இருக்கு’ என்பார்கள், ஏனென்றால் அடுத்த முறை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தக் கடன் இல்லை. அவர் வாயைத் திறக்காவிட்டாலும் மூச்சை அடக்குவார், கால்விரல் மடங்கும், தோள் காதை நோக்கி ஏறும். அதைப் படிக்கக் கற்றதுதான் என் உண்மையான பயிற்சி. 600 மணியில் இதற்குக் கிடைத்தது 80 மணிதான். இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும்.

இப்போது கட்டைவிரலுக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், ஒரு காலையில் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. கட்டைவிரலின் அடி மூட்டில் ஊசி குத்துவதுபோல் வலி. நாளுக்கு ஆறு பேர், எல்லோருக்கும் ‘நல்லா அழுத்தி’ வேண்டும், நானும் கட்டைவிரல் நுனியைப் பின்பக்கமாக வளைத்து ஊன்றிக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் வேலை இல்லை. இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களில் பலர் கை வலியால்தான் போகிறார்கள் என்று மூத்தவர்கள் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

இதைப் பள்ளி சொல்லித்தரவில்லையா என்றால், தந்தது. ஒரே ஒருநாள். முன்னும் பின்னுமாகக் காலை வைத்து நில், பின்காலிலிருந்து உடம்பின் எடையைச் சாய்த்து அனுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும், ஆழமாகப் போக வேண்டுமானால் முன்கையையோ முழங்கையையோ பயன்படுத்து. அவ்வளவும் ஆறு மணி நேரத்தில் முடிந்தது. சூடான கல் மசாஜுக்கு மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள்! விளம்பரப் படத்தில் முதுகில் கல் அடுக்கினால் அழகாக இருக்கிறது; நிற்கும் விதத்தைப் படம் பிடித்தால் யார் சேருவார்கள்? பள்ளி மீது எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். ஓய்வுக்குப் பிறகு நிற்பதிலிருந்து மறுபடி பழகினேன். இப்போது ஒரு நாளைக்கு நான்கு பேர், அதிகம் போனால் ஐந்து.

இன்னொரு குறை. உடம்பின் நச்சை மசாஜ் வெளியேற்றும், லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கும், அதனால் பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் எல்லோரிடமும் இதையே ஒப்பித்தேன். ஒருநாள் படுத்திருந்தவர் உடலியங்கியல் ஆசிரியர். குப்புறக் கிடந்தபடியே, உடற்பயிற்சியில் ஏறும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும், அடுத்த நாள் வலிக்கு அது காரணமில்லை, நச்சை வெளியேற்றுவது ஈரல், சிறுநீரகத்தின் வேலை என்று பொறுமையாக விளக்கினார். என் முகம் அவருக்குத் தெரியாமல் இருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. தளர்வு கிடைக்கிறது, வலி கொஞ்ச நாளுக்குக் குறைகிறது, தூக்கம் வருகிறது. இவற்றைச் சொன்னாலே போதும், மக்கள் வருகிறார்கள்.

எப்போது தொடக்கூடாது என்ற வகுப்பை அன்று யாரும் விரும்பவில்லை. காய்ச்சல், தொற்றும் தோல் நோய், ஆறாத காயம், புதிய அறுவை சிகிச்சை, ரத்தம் உறைவதற்கான அறிகுறி. கழுத்தின் முன்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் ஆழமாக அழுத்தக் கூடாது. அங்கே நரம்பும் ரத்தக் குழாயும் மேலாகவே ஓடுகின்றன. மூன்றாவது வருடம் ஒரு பெண்மணி நீண்ட விமானப் பயணம் முடித்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று வந்தார். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. தொட்டால் மற்றதைவிடச் சூடு. கை வைக்க மாட்டேன், இன்றே மருத்துவரைப் பாருங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருந்தது என்றார். நான் பிசைந்திருந்தால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. வருகிறவரிடம் கேட்க என்று வகுப்பில் கொடுத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன், அவ்வளவுதான்.

எல்லை பற்றிய நாடகப் பயிற்சியும் அப்படியே. தவறான எண்ணத்தோடு வருகிறவரிடம் ‘இத்துடன் முடித்துக்கொள்கிறேன், உடை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். வகுப்பில் சிரித்துக்கொண்டே நடித்தோம். நிஜத்தில் இரண்டு முறை அந்த வாக்கியம் யோசிக்காமலே வாயில் வந்தது.

சொல்லித்தராத ஒன்று: எண்ணெய்த் துண்டு. துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. டிரையரிலிருந்து சூடாக எடுத்து அப்படியே அடுக்கினால் உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கலாம். எனக்குத் தீய்ந்த வாசனையோடு தப்பியது. ஆற வைத்துத்தான் மடிக்க வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, இரண்டாவது வாரம் வகுப்பைச் சுற்றி வந்து எல்லோருடைய மசாஜ் கட்டிலின் உயரத்தையும் இறக்கிவிட்ட ஆசிரியைக்கு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மடக்கிய விரல்கள் கட்டிலைத் தொட வேண்டும், அதுதான் உயரம் என்றார். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் நான் என்னுடையதைப் பழையபடி உயர்த்திக்கொண்டேன்.