பழைய கொம்பியூட்டரில் இரண்டு மொனிட்டர்: இரண்டு கார்டா, ஒரு கார்டா?

திருகோணமலையில் கச்சேரியை (மாவட்டச் செயலகத்தை) நம்பி நடக்கிற கொமியூனிகேஷன் கடைக்காரருக்கோ நொத்தாரிசு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவருக்கோ இரண்டாவது மொனிட்டரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு திரையில் ஸ்கேன் செய்த பழைய காணி உறுதி, மற்றதில் புதிதாக அடிக்கிற உறுதி. பழைய பாமினி எழுத்துருவில் கிடக்கும் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி வரிக்கு வரி சரிபார்ப்பவருக்கும், ஸ்டூடியோவில் கல்யாணப் படம் திருத்துபவருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் இந்த இடங்களில் பெரும்பாலும் ஓடுவது ரீகண்டிஷனாக வாங்கிய பழைய பெட்டி. பின்பக்கம் பார்த்தால், மொனிட்டர் வயர் கொழுவுகிற வீஜிஏ போர்ட் ஒன்றே ஒன்று. இரண்டாவது வயரை எங்கே கொழுவுவது என்பதுதான் கேள்வி.

ஒன்றை முதலில் ஒதுக்கிவிடலாம். வீஜிஏ போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் கிளை வயர் மலிவாகக் கிடைக்கும். அது ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டுமே தவிர, திரையை நீட்டித் தராது. வகுப்பறைக்குச் சரி, தட்டச்சு மேசைக்கு உதவாது.

மிச்சம் நான்கு வழிகள்: இரண்டு கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) போடுவது, மதர்போர்டிலேயே இருக்கும் வீஜிஏயோடு ஒரு கார்டைச் சேர்ப்பது, இரண்டு வெளியீடு உள்ள ஒரே கார்டு போடுவது, யூஎஸ்பி அடப்டர் கொழுவுவது. என் தீர்ப்பை இப்போதே சொல்கிறேன்: பெட்டியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லொட் (கிராபிக்ஸ் கார்டு செருகும் நீளமான புதுவகை இடம்) இருந்தால் ஒரே கார்டுதான். இரண்டு கார்டு வேலை செய்யாது என்பதல்ல, அதைக் கட்டி மேய்க்க நேரமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

இரண்டு கார்டு முறைக்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. வின்டோஸ் 98தான் வீட்டுக் கொம்பியூட்டருக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது. ஒன்பது திரை வரைக்கும் அனுமதித்தது. அக்காலத்து மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கென்றே இருந்த ஏஜிபி ஸ்லொட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆகவே முதல் கார்டு ஏஜிபியில், இரண்டாவது கார்டு, மற்றக் கார்டுகளுக்கான வெள்ளை நிறத்துப் பிசிஐ ஸ்லொட்டில் என்று போட்டார்கள். வின்டோஸ் எக்ஸ்பியில் இது நன்றாகவே ஓடும். பயோஸுக்குள் (வின்டோஸ் எழும்புவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய் முதலில் எழும்ப வேண்டிய கார்டு ஏஜிபியா பிசிஐயா என்று தெரிவு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் நீங்கள் எதிர்பாராத மொனிட்டரில் கொம்பியூட்டர் எழும்பும். மற்றது கறுப்பாகவே நிற்கும். கார்டு பழுது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இந்த ஒரு அமைப்புக்காகத்தான்.

வேகத்தில் இரண்டு ஸ்லொட்டும் சமமில்லை. ஏஜிபி 8எக்ஸ் நொடிக்கு ஏறத்தாழ 2100 மெகாபைட் கடத்தும். சாதாரண பிசிஐயின் எல்லை 133 மெகாபைட். அதையும் சவுண்ட் கார்டு, நெட்வேர்க் கார்டு எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும். 17 அங்குலச் சதுர மொனிட்டரின் 1280க்கு 1024 திரை முழுவதையும் ஒருமுறை அனுப்பவே 5 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். கணக்குப் பார்த்தால் நொடிக்கு 25 முழுப்படம்தான் அதிகபட்சம், அதுவும் வழி முழுக்க வெறுமையாக இருந்தால். ஆகவே பிசிஐ கார்டில் கொழுவிய திரையில் வீடியோ பார்க்க நினைக்கக் கூடாது. அசையாத உறுதியையோ விண்ணப்பப் படிவத்தையோ விரித்து வைப்பதற்கு அது தாராளம்.

உண்மையான தலைவலி டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். வின்டோஸ் விஸ்டா வந்தபோது, எல்லாக் கார்டுகளும் ஒரே டிரைவரில் ஓட வேண்டும் என்று கட்டாயமானது. வேறு வேறு கம்பனிக் கார்டுகளைக் கலந்து போட்டவர்கள் அங்கேயே மாட்டினார்கள். வின்டோஸ் 7 அந்தப் பிடியைத் தளர்த்தியது, என்றாலும் எக்ஸ்பி காலத்து டிரைவரையும் புதுவகை டிரைவரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடாது. வின்டோஸ் 8இலிருந்து எக்ஸ்பி வகை டிரைவருக்கு இடமே இல்லை. ஒரே கம்பனிக் கார்டு இரண்டு போட்டால் தப்பலாம் என்று நினைப்பீர்கள். என்விடியா கம்பனியில் ஒரு தலைமுறைக் கார்டுக்கு ஒரு டிரைவர், அடுத்த தலைமுறைக்கு வேறு டிரைவர் என்று வந்தால் இரண்டையும் ஒன்றாக ஏற்ற முடியாது. இரண்டையும் ஏற்கும் ஒரே டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டாவது கார்டைத் தேட வேண்டும். லினக்ஸ் போடுகிறவருக்கும் இதே அறிவுரைதான். ஒரே கார்டின் இரண்டு வெளியீடுகளை அது எளிதாக நீட்டித் தரும், இரண்டு பழைய கார்டுகளைச் சேர்ப்பதற்கோ கட்டமைப்புக் கோப்புக்குள் இறங்க நேரிடும்.

மதர்போர்டு வீஜிஏயோடு ஒரு கார்டைச் சேர்ப்பது காசு மிச்சமான வழியாகத் தெரியும். பழைய பெட்டிகளில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். இன்டெல் 865ஜி சிப்செட் (மதர்போர்டின் முக்கிய சிப்கள்) உள்ள போர்டில் ஏஜிபி கார்டைச் செருகிய உடனே உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அணைந்துவிடும், இரண்டுக்கும் வழி ஒன்றுதான். அதே போர்டில் பிசிஐ கார்டு போட்டால் சேர்ந்து ஓட வாய்ப்பு உண்டு. நம்மூரில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற ஜி31, ஜி41 போர்டுகளிலும் எக்ஸ்16 ஸ்லொட்டில் கார்டு ஏறினால் பெரும்பாலும் உள் வீஜிஏ நின்றுவிடும். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5 காலத்திலிருந்துதான் இரண்டையும் சேர்த்து ஓட்டும் வசதி பயோஸில் பரவலானது. அதுவும் எல்லாப் போர்டிலும் கிடையாது. காசு கொடுப்பதற்கு முன் பயோஸைத் திறந்து, உள் கிராபிக்ஸை எப்போதும் இயக்கத்தில் வைக்கும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதைவிட மலிவான வழி வேறில்லை.

சரி, ஒரே கார்டு. 1999இல் மேட்ரொக்ஸ் ஜி400 ஒரு கார்டிலேயே இரண்டு திரையைச் சாதாரண ஆட்களுக்கும் எட்ட வைத்தது. பிறகு என்விடியா, ஏடிஐ கார்டுகளிலும் அது வழக்கமாகிவிட்டது. ஏஜிபி காலத்து ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200இலேயே வீஜிஏயும், அதற்குப் பின் வந்த டிவிஐ என்ற போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தமாதிரி ஒன்று கையில் கிடைத்தால் பிசிஐ கார்டு தேடி அலையவே வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் பெட்டிக்கு ஜிஃபோர்ஸ் 210, ஜிடி 710 போன்றவை போதும். ஒரு டிரைவர், ஒரு ஸ்லொட், தனி மின்வயர் வேண்டாம். ஜிடி 710 இழுப்பது 19 வாட் அளவுதான். 240 வாட் பவர் சப்ளையோடு வருகிற ஒடுங்கிய அலுவலகப் பெட்டிகளுக்கு இது முக்கியமான கணக்கு. அந்தப் பெட்டிக்குக் குட்டையான பின்தகடு உள்ள கார்டு வேண்டும் என்பதைக் கடையில் மறக்காமல் சொல்லுங்கள். உயரமான தகட்டோடு வாங்கினால் மூடி பூட்டாது.

இதற்கும் இரண்டு பொறி உண்டு. ஜிஃபோர்ஸ் 210இல் மூன்று போர்ட் இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டுதான் ஓடும். அடுத்தது, உங்கள் இரண்டு மொனிட்டரும் வீஜிஏ மட்டும் உள்ளவை என்றால் டிவிஐ போர்ட்டை உற்றுப் பாருங்கள். தட்டையான பிளவைச் சுற்றி நான்கு சிறு துளை இருந்தால் அது டிவிஐ-ஐ. சாதாரண மாற்றித் தலையோடு வீஜிஏ மொனிட்டர் வேலை செய்யும். நான்கு துளை இல்லாத டிவிஐ-டி என்றால் அந்தத் தலை பயன்படாது. எச்டிஎம்ஐயிலிருந்து வீஜிஏக்குப் போவதற்கும் வெறும் வயர் போதாது, உள்ளே சிப் உள்ள மாற்றி வேண்டும்.

யூஎஸ்பி அடப்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யூஎஸ்பி 2.0இன் எல்லை நொடிக்கு 60 மெகாபைட், பிசிஐயின் பாதிகூட இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டப் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை புரொசெசரின் தலையில் விழும். பழைய டூவல் கோர் புரொசெசர் அதில் மூச்சு வாங்கும். கார்டு செருகவே முடியாத மடிக்கணினிக்கு மட்டும் இதை வாங்கலாம்.

கடலோர ஊர் என்பதால் கடைசியாக இதையும் பாருங்கள். உப்புக்காற்றில் கார்டின் தங்கநிறப் பற்கள் மங்கும், தொடர்பு விட்டுவிட்டுப் போகும். மின்சாரத்தை முழுதாகக் கழற்றிய பிறகு, மென்மையான அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு கார்டு என்றால் இந்த வேலையும் இரண்டு மடங்கு, பழுது தேடும் இடமும் இரண்டு. கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதங்களில் விசிறி இல்லாத கார்டு நல்ல தெரிவு, தூசியில் இறுகிப்போக அதில் ஒன்றும் இல்லை; ஆனால் பெட்டியின் பின்விசிறி ஒழுங்காகச் சுழல வேண்டும். இரண்டு கார்டை ஒட்டிய ஸ்லொட்டுகளில் நெருக்கிப் போட்டால் நடுவில் காற்று ஓடாது. வேறு வழியில்லாமல் இரண்டு கார்டு போடுகிறவர்கள் இடையில் ஒரு ஸ்லொட்டையாவது வெறுமையாக விடுங்கள்.