படம் பிரமாதம், தரைதான் வரவில்லை: ஒரு ட்ரோன் சர்வே சேவை பற்றி

வெட்டவெளியோ கட்டாந்தரையோ என்றால் இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம், சீமைக்கருவேலம் மண்டிய இடம் என்றால் வேண்டாம். அவசரக்காரர்களுக்கு இது போதும். கம்பெனி பெயரைப் போடவில்லை, சொன்ன திருத்தங்களில் பாதிக்கு மேல் செய்து கொடுத்தார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

என் வேலை டிடிஎம் போடுவது, அதாவது மரம் செடியை விட்டுவிட்டு வெறும் தரையின் உயரத்தைக் காட்டும் மாதிரி. சர்வேயர் தரும் புள்ளிகளை சிவில் 3டி என்ற சாஃப்ட்வேரில் சர்ஃபேஸ் (தரைப்பரப்பு) ஆக்கி, மண்ணில் எவ்வளவு வெட்டு, எவ்வளவு நிரப்பு என்று கணக்குச் சொல்ல வேண்டும். இந்த முறை திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு சாலை வேலை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். களத்துக்கு வந்த பையன்கள் கெட்டிக்காரர்கள். கன்ட்ரோல் பாயின்ட்டுகளை (படத்தைத் தரையோடு பொருத்தும் அடையாளப் புள்ளிகள்) ஒழுங்காகப் பெயின்ட் அடித்து, டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் வைத்து எடுத்தார்கள், சரிபார்க்கத் தனியாகச் சில புள்ளிகளும் வைத்திருந்தார்கள். தார் ரோட்டின் மேல் நாங்கள் ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. ஆர்த்தோ படத்தில் (ட்ரோன் போட்டோக்களை அளவு திருத்தி ஒன்றாக ஒட்டியது) மைல்கல்லின் மஞ்சள் பெயின்ட் வரை தெரிகிறது.

சிக்கல் ஆபீஸ் பக்கம்தான். ஃபைலைத் திறந்தால் 270 மீட்டர் இருக்க வேண்டிய தரை 180-க்கும் கீழே கிடக்கிறது. வேறொன்றுமில்லை, ஜிபிஎஸ் தரும் எலிப்சாய்டு உயரத்தை அப்படியே அனுப்பிவிட்டார்கள், அது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்குக் கணக்கில் போட்ட ஒரு வழவழப்பான வடிவத்திலிருந்து அளப்பது. உலகிலேயே பெரிய ஜியாய்டு பள்ளம், அதாவது கடல்மட்டப் பரப்பு அந்த வடிவத்துக்குக் கீழே இறங்கிய இடம், நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது, 106 மீட்டர், அதனால் நம் ஊரில் இரண்டு உயரத்துக்கும் 90 மீட்டரை ஒட்டி வித்தியாசம் வரும். கேட்டதும் மொத்தத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டி அனுப்பினார்கள், அதுவும் சரியில்லை, அந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், நீளமான சாலையில் பெஞ்ச்மார்க்குகளோடு (உயரம் ஏற்கெனவே தெரிந்த குறிகள்) கட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் யூடிஎம் கூத்து, உலகைத் தீர்க்கரேகைப்படி மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை அது. 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் டவுனைத் தாண்டிய உடனே போகிறது. அதற்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. சாஃப்ட்வேர் தானாக எடுத்துக்கொண்டதைப் பார்க்காமல், சாலையின் ஒரு துண்டை 43-லும் மீதியை 44-லும் தந்திருந்தார்கள், திரையில் இரண்டு துண்டும் 650 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தள்ளி நின்றன! ஒரே மண்டலத்தில் கேட்டு வாங்கினோம். அப்போதும் மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் வரைபடத்தில் தூரம் கிலோமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் கூடக் காட்டும், டோட்டல் ஸ்டேஷன் (தரையில் தூரமும் கோணமும் அளக்கும் கருவி) வைத்து அளப்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் சண்டைக்கு வருவார்.

இதெல்லாம்கூட மேசையில் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது கருவேலங்காடு. போட்டோ எடுக்கும் ட்ரோனுக்கு இலைக்கு அடியில் இருப்பது தெரியாது, அது தருவது செடியின் மண்டையை. அதை ஆட்டோ ஃபில்டரில் போட்டு வழித்துவிட்டு டிடிஎம் என்று பெயர் வைத்துத் தந்தார்கள். ஓடைக்கு வலப்பக்கம் ஆட்களை விட்டு முள்ளை வெட்டி, வரிசையாக லெவல் எடுத்துப் பார்த்தோம், அவர்கள் தந்த தரை நிஜத்தைவிட அரை மீட்டர் வரை மேடு ஏறியிருந்தது. ஒரு ஹெக்டேரில் பத்தே சென்டிமீட்டர் தப்பினால் 1000 கனமீட்டர், பத்து கனமீட்டர் டிப்பரில் நூறு லோடு. தரை உயரமாகக் காட்டினால் நிரப்பும் இடத்தில் கான்ட்ராக்டருக்கு நஷ்டம், வெட்டும் இடத்தில் இல்லாத மண்ணுக்கு பில் போய் ஆடிட்டில் மாட்டும். மத்திய சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி வேலை தொடங்கும் முன் எடுத்த குறுக்குவெட்டுதான் கணக்குக்கு அடிப்படை, பொக்லைன் இறங்கிய பிறகு பழைய தரையை யார் போய் அளப்பது?

வாய்க்கால் விஷயமும் அப்படித்தான். புள்ளிகளை இரண்டு மீட்டர் கட்டமாகக் குறைத்துத் தந்ததால் கரையின் விளிம்பு காணாமல் போய், புள்ளிகளை இணைத்து சாஃப்ட்வேர் போடும் முக்கோணங்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவி, நடு வாய்க்காலில் ஒரு அணையே கட்டிவிட்டன. மூலப் புள்ளிக்கூட்டத்தை எல்ஏஎஸ் ஃபைலாகக் கேட்டு வாங்கி, விளிம்புகளுக்கு பிரேக்லைன் (முக்கோணங்கள் தாண்டாமல் தடுக்கும் கோடு) நானே போட்டேன். அதைத் தர மட்டும் ரொம்ப இழுத்தார்கள், தனிக் காசு என்றார்கள். ஆகவே வேலை உத்தரவிலேயே எல்ஏஎஸ் ஃபைல், கன்ட்ரோல் புள்ளிப் பட்டியல், எந்த மண்டலம், எந்த உயரம் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

ரேட் நடுத்தரம், குறையில்லை. லைடார் (லேசர் ஒளியால் அளக்கும் கருவி) வாங்கப்போவதாகச் சொல்கிறார்கள். வந்தால் இலை இடுக்கில் இறங்கிக் கொஞ்சமாவது தரையைத் தொடும். ஆனால் தண்ணீர் நிற்கும் கண்மாய்க்கு அதுவும் உதவாது, அதைக் கோடையில் வற்றிய பிறகு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.