கோயில் இணையத்தளம்: மெனுவை யார் கணக்கில் பிரிப்பது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு கோயிலுக்கு இணையத்தளம் அமைக்கும்போது மெனுவை மூன்று விதமாகப் பிரிக்கலாம்: நிர்வாகப் பிரிவு வாரியாக, வருபவர் யார் என்று பார்த்து, அல்லது அவர் என்ன காரியத்துக்கு வந்தார் என்று பார்த்து.

முதல் வழிக்குச் செயலவைக் கூட்டத்தில் எதிர்ப்பே வராது. தலைவர் உரை, செயலவை, துணைக் குழுக்கள், மெனு தயார். ஆனால் கல்யாணத்துக்கு மண்டபம் தேடுகிறவருக்கு அது சொத்துக் குழுவின் கீழ் இருப்பது எப்படித் தெரியும்? வாடகை ஒரு பக்கம், காலித் தேதி வேறு பக்கம், திருமணப் பதிவுக்கான ஆவணங்கள் இன்னொரு பக்கம். தேடி அலுத்தவர் அலுவலகத்துக்கே வாட்ஸ்அப் அனுப்புவார்.

'பக்தர்கள், சுற்றுப்பயணிகள், நன்கொடையாளர்கள்' என்ற பிரிவு பார்க்க அழகு. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவரே அன்னதானத்துக்கும் பணம் கட்டுவார். அவர் எதை அழுத்துவது? இரண்டிலும் ஒரே விவரத்தை வைத்தால், கட்டணம் ஏறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். சுற்றுப்பயணிக்கு மட்டும் தனிப் பக்கம் தகும்: நடை திறக்கும் நேரம், உடை, செருப்பு விடும் இடம், படிகள் (பத்துமலையில் 272, பினாங்கு தண்ணீர்மலையில் 513). அது ஒரே பக்கம் போதும்.

எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு: அர்ச்சனை, பால்குடம்–காவடிப் பதிவு, மண்டபம், நேரமும் வழியும். இதில்தான் உழைப்பு அதிகம். அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி, வாட்ஸ்அப் கேள்விகளைத் திரட்டுங்கள். தைப்பூச மாதத்தோடு ஒரு சாதாரண மாதமும் வேண்டும். இல்லாவிட்டால் காவடியே மெனுவை நிரப்பிவிடும். அவற்றை அட்டைக்கு ஒன்றாக 30 முதல் 40 அட்டைகளில் எழுதி, சுமார் 15 பேரிடம் தனித்தனியே கொடுத்து, ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கி ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். செயலவையினர் வேண்டாம், அவர்களுக்கு விடை தெரியும். பல அட்டைகளில் 'திருமண' என்றே தொடங்கினால் பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்து அடுக்கிவிடுவார்கள். சொற்களை மாற்றி எழுதுங்கள்.

பிறகு படமோ நிறமோ இல்லாத வெறும் மெனுவைக் காட்டி, "மண்டப வாடகை எங்கே இருக்கும்?" என்று கேளுங்கள். பலரும் முதல் தொடுதலிலேயே தவறினால் தலைப்புச் சொல்லையோ பிரிவையோ மாற்ற வேண்டும்.

'திருமண மண்டப முன்பதிவு' கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக மடங்கும், 'மண்டபம்' போதும். மலாய்க்கு மாற்றினால் அதே பக்கத்தின் மலாய் வடிவம் திறக்க வேண்டும், முகப்பு அல்ல.

தைப்பூசத்துக்காக மெனுவைக் கலைக்காதீர்கள். முகப்பில் ஓர் அறிவிப்புப் பட்டை போதும். ஆண்டுதோறும் புதுப் பக்கம் திறக்காமல் ஒரே முகவரியில் தேதியை மாற்றுங்கள். இல்லையேல் கூகுளில் தேடுபவர் போன வருஷத் தேதியைப் பார்த்துவிட்டு விடுப்பு எடுப்பார்.