டிரெஸ்ஸாஜுக்காக ஒரு குதிரையின் உடலமைப்பைக் கணித்தேன்: ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்

நான்கு வயதில் வாங்கிய, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை ஒன்றுடன் ஒன்பது ஆண்டுகளாக டிரெஸ்ஸாஜ் (சவாரி செய்பவரின் நுட்பமான சைகைகளுக்கேற்பக் குதிரையை அசையப் பழக்கும் குதிரையேற்றக் கலை) பயின்று வருகிறேன். வாங்குவதற்கு முன் அதன் உடலமைப்பைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்த கணிப்புகளில் எவை பலித்தன, எவை பொய்த்தன என்பதை இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அன்று என்னை மயக்கியது அதன் ட்ராட், அதாவது குறுக்கெதிர்க் கால்கள் இணையிணையாக எழுந்து விழும் துள்ளோட்டம். முன்கால்களை உயரத் தூக்கி நீட்டும் அழகில் மற்றவற்றைப் பார்க்கத் தவறினேன். நடை, ட்ராட், கேன்டர் (பாய்ச்சல்) என்ற மூன்று கதிகளில் பயிற்சியால் அதிகம் மேம்படுவது ட்ராட்தான் என்பதும், நான்கு கால்களும் ஒவ்வொன்றாகத் தரையில் படும் சாதாரண நடை பெரும்பாலும் பிறவியிலேயே வாய்ப்பது என்பதும் பிறகே புரிந்தன. வாங்கிய வாரத்தில் ஈர மணலில் நடத்திப் பார்த்தபோது, பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தின் மேலேயே விழுந்தது. நல்ல நடையுள்ள குதிரையின் பின்குளம்பு அதைத் தாண்டி, குறைந்தது ஒரு குளம்பளவாவது முன்னே பதிய வேண்டும். வலுக்கூடினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். இன்றும் அது தாண்டுவது இரண்டு விரலளவுதான். பல டிரெஸ்ஸாஜ் போட்டித் தேர்வுத்தாள்களில் நீட்டிய நடைக்கான மதிப்பெண் இரட்டித்துக் கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் இழக்கிறேன்.

பலித்த கணிப்பு இடுப்பைப் பற்றியது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் முனைக்கும் இடையே என் கையகலத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான் இருந்தது. குறுகிய, தசைப்பற்றுள்ள அந்த இடுப்புதான் பின்னங்கால்களின் உந்துதலை முதுகின் வழியே முன்னே கடத்துகிறது. ஐந்தாம் ஆண்டில் பியாஃப் (ஏறக்குறைய நின்ற இடத்திலேயே ட்ராட் போல் கால்களைத் தூக்கி வைக்கும் அசைவு) கற்கத் தொடங்கியபோது, சேணத்துக்குப் பின்னால் அதன் பிட்டம் தாழ்ந்து இறங்கியதை முதன்முதலாக உணர்ந்த அந்தக் கணத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனால் பின்காலின் நடுமூட்டு சற்று நிமிர்ந்திருந்ததை, குறித்துவைத்தும், பொருட்படுத்தவில்லை. அப்படிப்பட்ட மூட்டு போதுமான அளவு மடங்காது; எடையைப் பின்னுக்கு ஏற்கச் சொல்லும்போது அதன் கீழுள்ள தாங்குநாரின் மீது சுமை கூடுகிறது. ஆறாம் ஆண்டில் இடது பின்காலில் அந்த நார் காயமுற்று, எட்டு மாதங்கள் வெறும் நடையிலேயே கழிந்தன. அதற்கு நிமிர்ந்த மூட்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும், முன்கூட்டியே கண்ணில் பட்ட ஒன்றை மனத்தில் வைத்துப் பயிற்சியின் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும்.

பிட்டம் தோள்மேட்டைவிட உயர்ந்திருந்தது பற்றிய என் அச்சம் மட்டும் தேவையற்றதாக முடிந்தது. வளரும் குதிரையில் பின்பகுதி சில காலம் உயர்ந்து நிற்பது இயல்பே; ஆறு வயதில் மீண்டும் அளந்தபோது இரண்டும் சமமாகியிருந்தன. ஆகவே இளங்குதிரையில் முதுகுக்கோட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், முன்காலின் முழங்கை பின்காலின் முட்டியைவிட உயர்ந்து அமைந்துள்ளதா என்றும் பார்க்கிறேன். தாடைக்கும் கழுத்துக்கும் இடையே போதிய இடமிருந்ததால், கடிவாளத்தை ஏற்பதில் இக்குதிரை ஒருநாளும் தொல்லை தந்ததில்லை.

இப்போது அடுத்த குதிரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ட்ராட்டைக் காட்ட முன்வருபவர்களிடம், முதலில் தளர்ந்த கயிற்றில் ஈர மணலின் மேல் நடத்திக் காட்டும்படி கேட்கிறேன். குதிரை கடந்து சென்றதும் குனிந்து தடங்களை அளக்கிறேன்.