மரபணு ஆலோசனைக்குப் போய் வந்தேன்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய், எனக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு, அதாவது அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம். ரிப்போர்ட் வந்த அன்றே "நடைப்பயிற்சி போ, எடையைக் குறை, போதும்" என்று சொல்ல ஒரு கூட்டமே தயாராக இருந்தது. அந்தக் குழப்பத்தோடுதான் போனேன்.

ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. இந்தப் பிறழ்வு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம், சினைப்பையில் 40 சதவீதத்தை ஒட்டி, மார்பகங்களை முன்கூட்டியே அகற்றினால் மார்பகப் புற்றுநோய் அபாயம் 90 சதவீதம் அளவுக்குக் குறையும், உடற்பயிற்சியும் மதுவை விடுவதும் நல்லதுதான் ஆனால் அந்த அளவுக்கு இறக்காது என்று ஒளிக்காமல் சொன்னார். சரி, அப்படியென்றால் கத்திதானா? அதுவும் இல்லையாம். மார்பகத்துக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம். சினைப்பைக்கு நம்பத்தகுந்த பரிசோதனை கிடையாது, அதனால்தான் பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் அதையும் கருக்குழாயையும் எடுக்கச் சொல்கிறார்கள். இந்த வித்தியாசத்தை அதுவரை எனக்கு யாருமே சொன்னதில்லை.

குறை? சினைப்பையை எடுத்தால் மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிடும், எலும்பு பலவீனமாகும். இதையெல்லாம் நானே துருவித் துருவிக் கேட்க வேண்டியிருந்தது. மனசு என்ன பாடுபடும் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் போச்சு. அடுத்த முறை கணவரையும் கூட்டிப் போகிறேன், கேள்விகளை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.