இறுகிப்போன சிங்கர் கைமெசின்: துப்புரவாக்கிப் பல வருடம் பாவித்த பிறகு

அம்மம்மாவின் சிங்கர் 15கே கைமெசின், கைபிடியைச் சுற்றித் தைக்கும் பழைய தையல் மெசின், இன்று ஒரு விரலால் சில்லைத் தள்ளினாலே சுழல்கிறது. 2017இல் என் கைக்கு வந்தபோது அப்படியில்லை. சில்லு முக்கால் சுற்று வரும், பிறகு ஊசித்தண்டு மேலே ஏறும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். பலம் போட்டால் அரக்கும், கையை விட்டால் நிற்கும். ஒரு திருத்துமிடத்தில் பார்த்துவிட்டு, "தண்டு வளைஞ்சு போட்டுது தங்கச்சி, இரும்பு விலைக்குக் குடுங்கோ" என்றார்கள். நான் கொடுக்கவில்லை.

காரணம், அதில் ஒரு குணத்தைக் கண்டிருந்தேன். மார்கழிக் காலையில் அசையவே மாட்டாத மெசின், மத்தியானம் வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் இளகும். வளைந்த தண்டு நேரம் பார்த்து வளையாது. துருவும் வெயிலுக்கு இளகாது. சூட்டுக்கு இளகுகிறது என்றால் உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது காய்ந்த எண்ணெய்.

அது எங்கிருந்து வந்தது என்பது எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். 1990க்குப் பிறகு போரினால் பொருளாதாரத் தடை. கார்களே மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்தில் தையல் மெசின் எண்ணெய்க்கு எங்கே போவது? குசினியில் இருந்ததைத்தான் விட்டார்கள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். சூடேறினால் திரும்ப இளகும். நல்லெண்ணெய் அப்படியில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெதுமெதுவாகத் தடித்து, கடைசியில் மஞ்சளும் மண்ணிறமுமாய் வார்னிஷ் போலப் படிந்துவிடும். அம்மம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த எண்ணெயில் ஓடிய மெசின்தான் எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. திரும்பி வந்தபோது கட்டிலுக்குக் கீழே அப்படியே இருந்தது. ஓடாமல் கிடந்த அந்த மாதங்களில் படிவு இன்னும் இறுகியிருக்கும்.

கனடாவில் இருக்கும் என் மருமகன் ஒருமுறை கதைக்கும்போது இதே வருத்தத்தை வேறொரு இயந்திரத்தில் சொன்னான். அவன் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருப்பது பழைய ரஷ்ய இராணுவ ரைபிள், மொசின் நாகண்ட். அந்த வகை 1891இல் சேவைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவற்றைத் தடித்த கிறீஸ் பூசிக் களஞ்சியங்களில் அடுக்கி வைத்தார்கள். குண்டு இருக்கும் அறைக்குள் அந்தக் கிறீஸ் மிச்சம் கிடந்தால், சில வெடி வெடித்துக் குழல் சூடேறியதும் இளகி வெற்றுத் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளுமாம். போல்ட்டை, அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டை, தூக்க முடியாதாம். சிலர் மரக்கட்டையால் அடித்துத் திறப்பார்களாம். அவன் போல்ட்டைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து, அறையைப் பிரஷால் தேய்த்துக் கழுவினான், சரியாயிற்று. என் மெசின் சூட்டில் இளகியது, அவனுடையது சூட்டில் பிடித்தது. ஆனாலும் குற்றவாளி ஒன்றேதான்.

வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். சில்லின் நடுவிலுள்ள பெரிய திருகைத் தளர்த்துங்கள். அப்போது சில்லு மட்டும் தனியே சுழல வேண்டும். அதுவே இறுகினால் பிழை சில்லிலும் அதன் தண்டிலும். சில்லு சுகமாகச் சுழன்றால் பிழை உள்ளே. இதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கழற்றுவது வீண் வேலை. திருகைத் திரும்பப் பூட்டும்போது அது இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் வொஷரை அரைச்சுற்றுத் திருப்பிப் போடுங்கள்.

பிறகு முகத்தகடு, பின்பக்க வட்ட மூடி, ஊசித் தகடு, பொபின் கேஸ் (கீழ்நூல் சுற்றிய உருளை இருக்கும் கூடு) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெசினை முற்றத்து வெயிலில் நன்றாகச் சூடேற விட்டேன். மண்ணெண்ணெய் விடுவது அதற்குப் பிறகு, நிழலுக்குக் கொண்டுவந்துதான்; பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சால், இரும்பு இரும்போடு உரசும் ஒவ்வொரு இடத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டு, சில்லை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சிக்கும் இடத்தில் தள்ளக் கூடாது. தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் சாயத்தண்ணி நிறத்தில் அழுக்கு வடியத் தொடங்கும். துடைத்து, மறுபடி விட்டு, இரவு முழுவதும் ஊற விட வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது. எனக்கே நாட்கணக்கில் போனது.

ஊசித்தண்டின் மேற்பகுதியில் மண்ணிற வளையமொன்று படிந்திருந்தது. ஒரே இடத்தில் சிக்கியதன் இரகசியம் அதுதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்க வெள்ளித்தண்டு வெளிவந்தது. அங்கே மட்டும் எமரித்தாள் போடாதீர்கள்! மினுக்கிய தண்டைச் சுரண்டினால் அது மெலிந்து ஓட்டைக்குள் தளர்ந்து ஊசி ஆடத் தொடங்கும், அதற்கு மருந்தில்லை. ஷட்டில் (மேல்நூலைக் கீழ்நூலோடு கோக்கும் கொக்கி) ஓடும் பாதைக்குள் ஒரு துண்டு நூல் எண்ணெயோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. அதைக் குண்டூசியால் கிளறி எடுத்தேன். கறுப்பு மேற்பூச்சில் ஸ்பிரிட் படவே கூடாது. பொன்னெழுத்துக்கு மேலே உள்ள பழைய ஷெல்லாக் மதுசாரத்தில் கரைந்துவிடும்.

மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்டுவதற்கு அல்ல. நன்றாகத் துடைத்துவிட்டுத் தெளிந்த தையல் மெசின் எண்ணெயை இடத்துக்கு ஒரு துளி விட்டு, சும்மா ஓட்ட வேண்டும். முதல் எண்ணெய் கறுத்து வரும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள்.

இனி, இத்தனை வருடப் பாவிப்பில் கண்டது. இறுக்கம் திரும்பி வரவேயில்லை. நன்றாகத் தைக்கும் வாரங்களில் ஒருக்கால் எண்ணெய், மாரி தொடங்கும்போது ஒருமுறை ஷட்டில் பாதையைத் துடைப்பது, இவ்வளவுதான் செய்கிறேன். கைபிடியின் பல்லுச்சில்லுகளுக்கு எண்ணெயை விடக் கொஞ்சம் கிறீஸ் நல்லது, சத்தமும் குறையும். டெனிம் நான்கு மடிப்பைப் பதினாறாம் நம்பர் ஊசியால் முனகாமல் தைக்கிறது. கைபிடி ஒரு சுற்றுக்கு மூன்று தையல் விழுவதால், கழுத்துப்பட்டி வளைவுகளில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி வைக்கலாம். மோட்டர் மெசினில் எனக்கு அந்த நிதானம் வந்ததேயில்லை.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது, அயலில் மோட்டர் மெசின் வைத்திருந்தவர்கள் அவசரத் தையலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. நான் துப்புரவாக்கிய காலத்தில் அதை விலை பாராமல் ஊற்றினேன். இப்போது செய்பவர்கள் சிரிஞ்சால் அளந்து விடுங்கள், ஒரு சோடாப் போத்தலே தாராளம்.

குறையும் உண்டு. வலது கை கைபிடியோடு கட்டுண்டு கிடக்கும், துணியை ஒரு கையால்தான் நடத்த வேண்டும். சாறி ஓரம், திரைச்சீலை போன்ற நீளத் தையலுக்குத் தோள் நோகும். நேர்த்தையல் மட்டுமே, விளிம்பு பிரியும் துணிக்கு வேறு மெசின் தேவை. நாள் முழுக்கத் தைத்துச் சம்பாதிப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வீட்டுத் தையலுக்கு, அதுவும் வீட்டில் ஏற்கெனவே இறுகிப்போன ஒன்று கிடந்தால், இரும்புக்காரருக்குக் கூப்பிடுமுன் ஒரு வெயில் நாளில் சில்லைப் பிடித்துப் பாருங்கள்.

எங்களுடையதில் அடுத்து மாற்ற வேண்டியது பொபின் சுற்றும் ரப்பர் வளையம். அது வெடித்துவிட்டது, இப்போதைக்குக் கையால் சுற்றுகிறேன்.