பொங்கலுக்கு ஐந்து நட்சத்திரம், கியூஆர் மெனுவுக்கு இரண்டு

மதுரை ரயில் நிலையம் பக்கம் ஒரு சைவ உணவகம். கொரோனா காலத்தில் எதையும் தொடாமல் இருக்க வந்த கியூஆர் மெனு இங்கே நிரந்தரமாகிவிட்டது, அட்டை கிடையாது. ஸ்கேன் செய்து, கைப்பேசி எண் கொடுத்து, ஓடிபி போட்டால்தான் பட்டியலே திறக்கிறது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். என் போனில் திறந்தது, ஆனால் எல்லாம் பொடி ஆங்கில எழுத்து. "தோசை நல்லா முறுகலா, எண்ணெய் கம்மியா" என்று சொல்ல அதில் இடமே இல்லை. கடைசியில் சப்ளையர் அண்ணன் ஒருவர் வந்து, அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

வெண்பொங்கல் அருமை. பதமான குழைவு, முழு மிளகு, நெய்யில் சிவந்த முந்திரி.

நம் ஜனங்களுக்குப் புதுசு பிடிக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2016-இல் வந்த யுபிஐயைப் பூக்காரம்மாவே வைத்திருக்கிறார். சில்லறைத் தொல்லை போனது, பணம் வந்ததைக் கடையில் வைத்திருக்கும் ஒலிப்பெட்டி தமிழிலேயே சொல்கிறது. இந்த மெனுவிலோ சாப்பிட வந்தவருக்குத்தான் கூடுதல் வேலை.

ஓடிபியை எடுத்துவிட்டு, மேசைக்கு ஒரு தமிழ் அட்டை வையுங்கள். அம்மாவை மறுபடி கூட்டிவருகிறேன்.